திருக்குறிப்புத்தொண்டர் புராணமும் கைத்தொழிலின் பெருமையும்

திருத்தொண்டர் புராணத்தைப் பயில்வோர் அதன்கண் கூறப்பட்ட அடியார்களின் அன்பையும் அருள்நிலையையும் பன்முறை எடுத்தோதி மகிழ்கின்றனர். அவ்வடியார்கள் கையாற் செய்த தொழிலைப்பற்றி ஆராய்வோரோ சிலரே. ஆராயப் புகுவாரும் பெரும்பாலும் இரண்டு முடிபுகளுள் ஒன்றைக் கொண்டு அமைகின்றனர். உடலை வருத்திச் செய்யுந் தொண்டுகள் யாவும் சரியையின்பாற் பட்டன. சரியை நான்கு நெறிகளுள் முதற்படியாகலின் ஞானத்தை நாடுவார்க்கு அவை வேண்டற்பாலன அல்ல என்பது ஒன்று. அடியார்களுட் சிலருடைய தொழில் இழிந்ததாயினும் அவர்தம் அன்பு உயர்ந்தது. ஆகலின் தொழிலை நோக்காது அன்பையே நோக்குதல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னையது தொழிலைக் கீழே தள்ளுகின்றது. பின்னையது அதனைப் பொறுத்துக்கொள்ளுகின்றது. இவ்விரண்டும் சேக்கிழார் பெருமான் திருவுள்ளத்தோடு ஒத்தனவா என்பது நூலைக் கொண்டே ஆராயற்பாலது.

12-ஆம் நூற்றாண்டிலே, இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்தில், அரசியலில் உயர்ந்த பதவி வகித்த ஒருவரால் இயற்றப்பெற்றது இந்நூல். அரண்மனையை அறிந்த அப்பெருந்தகையார் தம் காப்பியத்தில் எத்தொழில்களுக்கெல்லாம் இடந்தந்தார் என்பதை முதற்கண் நோக்குதல் தகும். தில்லைத் திருநீலகண்டர் மட்பாண்டம் வனைந்தவர். நாகையில் அதிபத்தர் கடலில் வலைவீசியவர். காம்பீலியில் நேசர் தறியில் ஆடை நெய்தவர். இவை குலத்தொழில்கள். இனி, வறுமையினால் மேற்கொண்ட கூலித்தொழில்களும் உள. செல்வராய் வாழ்ந்த அரிவாட்டாயர் பொருள் தேய்ந்தபின் பிறர் வயலில் நெல்லரிந்து, கூலியாகப் பெற்ற செந்நெல்லை இறைவன் அமுதுக்கும் கார்நெல்லைத் தம் உணவுக்குமாக வகுத்தார். திருவொற்றியூர்க் கலியர் எண்ணெய் வாணிகத்தில் ஈட்டிய பொருளெல்லாந் திருவிளக்கிற் சென்றபின், பிறர் செக்கில் உழைத்துக் கூலி பெற்றார். கணம்புல்லர் புல்லரிந்து விற்று நெய் கொண்டார். மூன்றாவதாக, ஒருவரும் ஏவாது தாமே விரும்பி ஏற்ற உடலுழைப்பும் உண்டு. கண்ணிலராகிய தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தில் தறி நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண் சுமந்து கரையேற்றினார். இவ்வாறு மண்ணும் சேறும் மீனும் எண்ணெய்ப் பிசுக்கும் 63 தனியடியார் வரலாற்றினூடே விரவிக் கிடக்கின்றன. இவற்றை நீக்கிப் படித்தால் நூலிற் பல வரலாறுகள் நில்லா.

இவற்றுள் அழுக்கையே தொழிற்பொருளாகக் கொண்டது திருக்குறிப்புத்தொண்டர் வரலாறு. காஞ்சிபுரத்தில் ஏகாலியர் குலத்திற் றோன்றிய அவர் அடியார்களின் ஆடைகளை ஒலித்துக் கொடுத்தலைத் தம் திருத்தொண்டாகக் கொண்டவர். இப்புராணத்தின் அமைப்பு பலரால் ஐயுறப்படுவதொன்று. நாயனாருடைய செயல் புராணத்தின் இறுதிப்பகுதியில் ஒருசில செய்யுட்களுள் அடங்கிவிடுகின்றது. அதற்கு முன்னே தொண்டைநாட்டின் வளமும் ஐந்திணை வருணனையும் காஞ்சியின் பெருமையும் உமையம்மையார் கம்பையாற்றங்கரையில் தவமிருந்து இறைவனை வழிபட்டமையும் மிக விரிவாகக் கூறப்படுகின்றன. சிறிய வரலாற்றுக்கு இத்துணைப் பெரிய முகப்பு ஏன் என்று வினவி, தம் நாட்டின்மேல் வைத்த பற்றினால் ஆசிரியர் இடங் கிடைத்தவிடத்து விரித்தார் என விடை கூறுவாரும் உளர். சேக்கிழார் தொண்டைநாட்டுக் குன்றத்தூரிற் பிறந்தவர் என்பது உண்மையே. ஆயினும் அவ்விடை அமையாது. தொண்டைநாட்டிற் றோன்றிய அடியார் வேறு பலர் நூலில் உளர். வேதியரும் வேளாளரும் வணிகரும் அவருள் உண்டு. அவர்களையெல்லாம் விடுத்து, தம் தாய்நாட்டின் புகழையும் தம் நாட்டுத் தலைநகரின் பெருமையையும் அம்மையின் தவத்தையும் ஓர் ஏகாலியர் வரலாற்றுக்கு வாயிலாக அமைத்தது தற்செயல் என்று கொள்ளுதல் பெரும்புலவர் ஒருவர்க்கு ஏற்புடைத்தன்று.

அமைப்பின் காரணம் வரலாற்றின் முடிவில் விளங்குகின்றது. உமையம்மையார் வழிபடுகையில் இறைவன் கம்பையாற்றைப் பெருகச் செய்தான். வெள்ளம் இலிங்கத் திருமேனியைத் தாக்குமென்று அஞ்சிய அம்மையார் அதனைத் தழுவிக்கொண்டார். திருமேனி குழைந்து வளைத்தழும்பு ஏற்றது. பின்னர் நாயனார் வரலாற்றிலும் இறைவன் நீரையே சோதனையாக அனுப்புகின்றான். கந்தையை உலரவிடாது மழை பொழிகின்றது. அங்கே வெள்ளத்தால் திருமேனிக்கு ஊறு நேருமோ என்னும் அச்சம். இங்கே குளிரால் அடியவர் மேனிக்கு ஊறு நேருமே என்னுந் துயரம். இரண்டிடத்தும் அன்பு நினைப்பது மற்றொருவர் உடலையே. இறுதியிற் கற்பாறையினின்று எழுந்து நாயனாரைப் பிடித்த கையை வளைத்தழும்புடைய பெருமானின் கையென்றே ஆசிரியர் குறிப்பிடுகின்றார். அம்மையார் தழுவக் குழைந்த பெருமானே ஏகாலியர் துறைக்கல்லிலும் வெளிப்பட்டான் என்பதனை அவ்வொரு குறிப்பு நாட்டுகின்றது. ஆகவே முற்பகுதி வேண்டாத விரிவன்று. துவைகல்லுக்குக் கொண்டுசெல்லும் வழியே அஃது. அம்மையின் தவத்தையும் ஏகாலியரின் உழைப்பையும் ஒரே புராணத்துள் ஒரே தழும்பினால் இணைத்தவர், அத்தொழிலை இழிந்ததாகக் கருதிப் பொறுத்துக்கொண்டார் என்றல் பொருந்தாது.

இனி, நாயனார் அடியார் ஆடையின் மாசு நீக்குவார்போலத் தம் பிறவிமாசினை நீக்கிவந்தார் என்று சேக்கிழார் கூறுதலைப் பற்றுக்கோடாகக் கொண்டு, ஆடையொலித்தல் புறத்தோற்றமே, உண்மைப்பொருள் மலநீக்கமே என்று உரைப்பாரும் உளர். அவர் கூற்றின்படி ஆடை உயிரையும், அழுக்கு மலத்தையும், நீர் அருளையும் குறிக்கும். துறையும் கல்லும் மறைந்துபோம். இத் தத்துவவுரை கேட்டற்கு இனியது; ஆயினும் வரலாற்றோடு முரணுவது. ஒலித்தல் வெறுங்குறிப்பாயின் மழை பெய்தமையால் வந்த குறை யாது? கந்தை உலராமையினால் நாயனார் உயிர்விடத் துணிதற்கு ஏது யாது? ஆடை உண்மையான ஆடையாகவும், ஈரம் உண்மையான ஈரமாகவும், மாலைக்குள் உலர்த்தித் தரவேண்டுமென்னுஞ் சொல் உண்மையான கடப்பாடாகவும் இருந்தாலன்றி இவ்வரலாறு நிகழாது. ஆசிரியர் இங்கே தொழிலின் முறையைக்கூடத் தவறவிட்டிலர். முதலில் மாசினைப் போக்குதல், அடுத்து நன்கு புழுக்குதல், பின்னர்ப் பிரித்து ஒலிக்கப் புகுதல் என்னும் படிகளை வரிசையாகவே வைக்கின்றார். மழை வந்தது மூன்றாம் படியில் என்பதையும் குறிக்கின்றார். துறையில் நின்று நோக்கியறிந்த ஒருவரது கூற்று இது; உருவகம் ஒன்றனையே நாடியவர்க்கு இவை வேண்டியதில்லை.

நாயனார் தம்மை நொந்துகொண்ட முறையும் ஈண்டு நோக்கற்பாலது. அவர் ஊழையும் மழையையும் நொந்திலர். முன்னரே ஒலித்து வீட்டினுள் காற்றில் உலர்த்த அறியாது போனேனே என்றே வருந்துகின்றார். இது தொழில் வல்லான் ஒருவனுடைய கழிவிரக்கம். தன் கைப்பணியின் முறையையும் காலத்தையும் அறிந்தவனே, தான் செய்யத்தவறியது இன்னதென்று இவ்வளவு நுட்பமாகக் கூறவல்லவன். வந்தவர் இறைவன் என்பது அப்பொழுது அவர்க்குத் தெரியாது. குளிர்காலத்தில் மெலிந்த மேனியோடு அழுக்குக் கந்தையொன்றே உடையாராய் வந்த ஒரு முதிய அடியவர் அவர். இரவுக்குள் ஆடை வாராதாயின் இவ்வுடற்குத் துன்பஞ் செய்தவராவீர் என்று கூறியே கொடுத்தவர். ஆகவே நாயனார் தொழிலின் பயன் ஓர் ஏழையுடலின் குளிரை நீக்குதலாகும். தொழிலின் பெருமை யாண்டுளது என்னும் வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை இதுவே: அஃது உழைப்பவன் படும் துன்பத்தின் அளவிலும் இல்லை, தொழிலின் தூய்மையிலும் இல்லை, அவ்வுழைப்பு எவருடைய உடற்கு ஆதரவாகின்றதோ அவரை நினைந்து செய்யும் செம்மையில் உளது.

சித்தாந்த சாத்திரமும் இதற்கு அரணாகின்றது. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியர் ஒரு தடையை எழுப்பி விடுக்கின்றார். உடல், கரணம் முதலியன மாயையின் காரியமாய் மலத்தின்பாற் பட்டனவாயிருக்க, அவற்றைக்கொண்டே இறைவன் உயிரின் ஆணவமலத்தை நீக்குதல் யாங்ஙனம். அழுக்கை அழுக்காற் கழுவுதல் உண்டோ என்பது தடை. அதற்கு விடையாக அவர் காட்டியது ஆடையொலிப்பவன் செயல். சாணத்தையும் உவர்மண்ணையும் துணியில் ஏற்றி, அவற்றோடு பழைய அழுக்கையும் ஒருங்கே போக்குதல்போல, முதல்வன் மாயையைக் கொண்டு மலத்தை ஒழிப்பன் என்பது அவ்விடை. உவமையின் திசை ஈண்டுக் கருதத்தக்கது. ஏகாலி இறைவனைப்போல்வான் என்று ஆசிரியர் உபசாரமாகக் கூறினாரல்லர். இறைவன் செயலை விளக்க ஏகாலியின் செயலே அவர்க்கு அளவையாயிற்று. ஐந்தொழில் முதல்வன் ஏன் படைத்தான் என்னும் பெருவினாவுக்கு விடை துறையிலே கிடைத்ததென்றால், அத்துறையில் நிற்பவன் கையறிவு இகழத்தக்கதன்று.

முதலிற் கூறிய மற்றொரு முடிபும் ஆராயப்படும். சரியை முதற்படி என்பது சாத்திரத் துணிபே. திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மலர்கொய்து மாலை தொடுத்தல், விளக்கிடுதல், அடியார்க்கு ஏவல்செய்தல் ஆகிய இவையே தாதமார்க்கம் என்று சித்தியார் எட்டாஞ் சூத்திரம் வகுக்கின்றது. அதற்குரிய பயன் சாலோகம் என்றும் கூறுகின்றது. ஆயினும் முதற்படி என்பதனை ஏறியபின் விட்டொழியும் படியென்று கொள்ளுதல் பிழை. தாயுமானவர் நால்வகை நெறிகளையும் அரும்பு முதிர்ந்து கனியாதலோடு ஒப்பிட்டார். படிகளில் ஏறினோன் கீழ்ப்படியை விட்டு நீங்குவான். கனியோ அரும்பாயிருந்த அதுவே முதிர்ந்ததன்றி, அரும்பைத் துறந்து வந்த வேறொரு பொருளன்று. இன்னும், சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுள் இறுதிச் சூத்திரம், மலங்கழுவப்பெற்ற சீவன்முத்தரும் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு வழிபடுவர் என்று விதிக்கின்றது. நூலின் முடிவில், ஞானத்தின் பேற்றுக்குப் பின்னே, ஆலயமும் அடியாரும் மீண்டும் வருதல் காண்க.

இதற்கு இலக்கியமாய் விளங்குபவர் திருநாவுக்கரசர். சூலைநோய் நீங்கி அருள்பெற்றபின்னரே அவர் உழவாரத்தைக் கையிற் கொண்டார்; கொண்டதனை இறுதிவரை விட்டாரல்லர். திருப்புகலூரில் அவர் புல் செதுக்குமிடத்தில் பொன்னும் மணியும் தோன்றியபோது, அவற்றையும் பருக்கைக் கற்களோடு உழவாரத்தினால் வாரிக் குளத்தில் எறிந்தார் என்பது வரலாறு. இதனைப் பற்றின்மைக்குச் சான்றாக மட்டுமே எடுத்துக்காட்டுவது வழக்கு. அதனினும் மேலாக, அதனைத் தொழிற்கண் நின்று நோக்குதல் வேண்டும். திருவீதியில் நடப்போர் காலில் தைப்பது கல்லாயினும் மணியாயினும் தைப்பதே. வழியைத் தூய்மைசெய்வான் கண்ணுக்கு இரண்டும் அகற்றற்பாலன. முதிர்ந்த ஞானம் அவரைத் தொழிலினின்று நீக்கவில்லை. தொழிலைப் பிழையின்றிச் செய்யவே உதவியது. அவர்தம் தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் அலகிட்டு மெழுகிய பணியே தம்பியார் மீட்சிக்கு முன்னோடியாய் நின்றதும் மறக்கற்பாலதன்று.

ஈண்டு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. இங்ஙனம் கடினமும் அழுக்குமுடைய தொழிலைப் புகழ்தல், அதனுட் கிடந்து வருந்துவாரை அதிலேயே கிடக்கச் செய்தலாகாதோ? இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று, புகழுரையே விலங்காதல் உலகில் உண்டு. நாவுக்கரசர் உழவாரத்தைத் தாமே விரும்பி எடுத்தார். எடுத்த கைக்கு எல்லாரும் வணக்கஞ் செய்தனர். பிறப்பினால் ஒரு தொழிலில் கட்டுண்டு, விடுபட வழியின்றி, வணக்கத்திற்கு மாறாக விலக்கையே பெற்றவர் நிலை அதுவன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, கழிவுநீர்க் குழியில் இறக்கப்படுவானுக்கு அப்பரடிகளை எடுத்துக்காட்டுதல் அடிகளின் தொண்டுக்கும் இழுக்கு; அவ்வேழையின் உயிர்க்கும் இழுக்கு. மனிதர் கையால் மலம் அள்ளுவதற்கு ஆட்களை அமர்த்துதல் 1993-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் விலக்கப்பட்டது. பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குழியிலும் கழிவுத்தொட்டியிலும் இறக்குதலை 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுத்தது. அங்ஙனமிருந்தும் இறப்புக்கள் ஒழியாமையினால், 2014-இல் இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்ச ரூபாய் வழங்குமாறு பணித்த உச்சநீதிமன்றம், 2023-இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்த நேர்ந்தது. உயிருக்கு விலை உயர்த்தவேண்டி வந்தமை, உயிரைக் காக்கும் கடமை நிறைவேறாமையைக் காட்டும்.

சேக்கிழார் நூல் இவ்வகை விலங்குக்குத் துணைபோகின்றதா என்பது வினா. நாளைப்போவார் வரலாறு இவ்விடத்துக் கூர்மையான சான்று. திருக்கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தவர் அவர். அவர் கைப்பட்ட தோல் கோயிலுள் முழங்கிற்று. அவரோ வாயிலின் புறத்தே நின்றார். திருப்புன்கூரில் இறைவன் நந்தியை விலகச் செய்து காட்சி தந்தான். அங்கே அவர் குளமொன்று தோண்டித் தொண்டுசெய்தார். தில்லையிலோ தீயினூடு புகுந்தே உள்ளே சென்றார். தீப்புகவேண்டிய இழிவு தோல் தொட்ட கையில் இருந்ததா, அத்தோலின் ஒலியை விரும்பிக் கையை விலக்கிய வழக்கத்தில் இருந்ததா என்பதைக் கற்போர் தம்முள் எண்ணிப் பார்த்தல் கடன். நூல் இதற்கு வெளிப்படையான தீர்ப்புக் கூறவில்லை. ஆயினும் நந்தி விலகியதை மறைக்கவுமில்லை. மக்கள் விலகுதற்கு மிக நெடுங்காலஞ் சென்றது. மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் விலக்கப்பட்டோர் நுழைந்தது 1939-இல். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது 1947-இல்.

திருவிளையாடற் புராணத்து மண்சுமந்த படலமும் இவ்வாறே திருத்தமாகப் படிக்கற்பாலது. இறைவனே கூலியாளாய் வந்தான், ஆகலின் உழைத்தல் உயர்ந்தது என்று மட்டும் அதற்குப் பொருள் கூறுவர். அவன் ஒழுங்காக உழைத்திலனே! வந்தி தந்த பிட்டை உண்டு, ஆடிப்பாடி, உறங்கி, கரையை அடையாமல் விட்டான். ஆதலின் அப்படலத்தின் கருத்து உழைப்பின் விதந்தோத்து அன்று. பாண்டியன் பிரம்பு அக்கூலியாள் மேற் பட்டபோது அரசன் மேலும் ஏனை எல்லா உயிர்கள் மேலும் பட்டதென்பதே அதன் உயிர்நிலை. கூலியாளன் முதுகில் விழும் அடி அவனோடு ஒழிவதன்று, அடித்தவனையும் சேர்வது. தொழிலைப் புகழ்வதற்கு முன்னே தொழிலாளி உடலை நோக்குக என்று அப்படலம் அறிவுறுத்துகின்றது.

திருக்குறிப்புத்தொண்டர் வரலாற்றின் முடிவும் அதுவே. பாறையினின்று எழுந்த கை நனைந்த கந்தையைப் பற்றி உலர்த்தவில்லை. மோதப்புகுந்த தலையைத் தடுத்தற்கு நாயனாரையே பிடித்தது. தொண்டு நிறைவேறுதலினும் தொண்டன் உயிர் பெரிதென்று இறைவன் கொண்டான். தொழிலைப் போற்றித் தொழிலாளியைக் கைவிடும் புகழுரைக்கு இதனைக்காட்டிலும் தெளிந்த மறுப்பு வேண்டா.

இக்காலத்துத் திருக்கோயில்களில் உழவாரப்பணிக் கூட்டத்தார் விடுமுறை நாட்களிற் சென்று முட்செடி களைந்து பிராகாரங்களைத் தூய்மை செய்கின்றனர். அது பாராட்டற்குரியது. கற்றாரும் செல்வரும் ஒருநாளேனும் அழுக்கிற் கைவைத்தல் அகந்தையைத் தேய்க்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பணியின் அளவை மறுநாள் தெரியும். தம் வீதியை நாள்தோறும் பெருக்கிக் குப்பை வாருவாரை அவர் எச்சொல்லால் அழைக்கின்றனர். அவர்க்குக் கையுறையும் நல்ல கூலியும் குடிநீரும் உண்டா என வினவுகின்றனரா. அவர் மக்கள் விரும்பிய கல்வியும் தொழிலும் பெறுதற்கு இடையூறாகின்றனரா, துணையாகின்றனரா என்பவற்றால் அளக்கப்படும். உழவாரம் பிடித்த கை அவரைக் கண்டவிடத்துக் குவியாதாயின் அது புல்லைச் செதுக்கியதன்றி வேறொன்றும் செதுக்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இதுகாறும் கூறியவாற்றால், சரியை ஞானத்தினால் விலக்கப்படுவதன்றி அதனோடு முதிர்ந்து நிற்பதென்பதும், அடியார் தொழிலைச் சேக்கிழார் இழிவெனப் பொறுத்துக்கொள்ளாது அருள் வெளிப்படும் இடமாகவே அமைத்தார் என்பதும், அப்பெருமை தொழிலைச் செய்வார் உயிரையும் உரிமையையும் காக்குமிடத்தே மெய்யாகும் என்பதும் பெறப்படும். திருத்தொண்டர் புராணத்தை ஓதுவார் துவைகல்லை உருவகமாக்கிக் கடந்துசெல்லாது, அதன் முன்னே சற்று நின்று செல்வாராக.

திருச்சிற்றம்பலம்.